எழுந்து நின்றால் போதும்

நாட்ராயனுக்கு வலது கை மறுபடியும் மரத்துப்போயிருந்தது. மேசைமேல் கிடந்த அதை அவர் கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தது. சர்க்கரை என்கிறார் டாக்டர். கடப்பாறை பிடித்ததால் என்கிறாள் மனைவி பாவாத்தாள். எதுவானால் என்ன, கைக்கு ஒன்றும் தெரிவதில்லை, சட்டைப் பித்தானைப் போடும்போதுதான் மானம் போகிறது. காலையில் எம்எல்ஏ விடுதி அறையில் மேல் பித்தானை உதவியாளர் போட்டுவிட வேண்டியிருந்தது, கட்டியவளைத் தவிர இன்னொருவர் விரல் கழுத்துப் பக்கம் வருவது என்ன கண்றாவி. முன்வரிசையில் தொழில் அமைச்சர் நின்று பேசிக்கொண்டிருந்தார். தொழிற்பூங்காச் சட்டமுன்வடிவு. அவர் பேசி முடித்ததும் பேரவைத் தலைவர் குரல் வாக்கெடுப்புக்கு விடுவார். ஏற்போர் ஆம் என்க என்பார். மறுப்போர் இல்லை என்க என்பார். அந்த இரண்டாவது இடத்தில் நாட்ராயன் எழுந்து நின்று இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் இன்றைக்கு அவருக்கு வேலை. ஒரு சொல். அந்த முன்வடிவு நிறைவேறினால் மொட்டைக்கரட்டு நிலம் மொத்தமும் தொழிற்பூங்காவுக்குப் போய்விடும், அவருடைய தோட்டமும், அவரைப் பார்த்து, அவர் பேச்சை நம்பி, அவருக்குப் பின்னால் வந்து காடு திருத்திய அத்தனை குடும்பங்களின் தோட்டமும். அவர் இல்லை என்று சொன்னாலும் போகத்தான் போகும், அதுவும் அவருக்குத் தெரியும், ஆளுங்கட்சியில் ஒரு தலை குறைந்தால் முன்வடிவு ஒன்றும் நின்றுவிடாது. ஆனாலும் சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எதிர்க்கட்சிக்காரர்கள் காலையிலேயே வேறு ஏதோ தகராறில் வெளிநடப்புச் செய்துவிட்டதால் எதிர்ப்பக்கம் வெறும் நாற்காலிகளாக இருந்தன. ஆகவே இன்றைக்கு இந்த அவையில் விழப்போகிற இல்லை ஒன்றே ஒன்றுதான், அது யார் வாயிலிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியிருக்காது. அமைச்சர் தண்ணீர் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாரப்பன்தான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மேற்கு வேலியை ஒட்டின காட்டுக்காரன், நாட்ராயனுக்கு அடுத்தபடியாக அந்தக் கரட்டுக்கு வந்தவன், பெரிய பேச்சுக்காரன் இல்லை. வந்தவர்கள் வாசலில் நின்றார்கள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. சொந்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வராமல் எம்எல்ஏ வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றது அவருக்கு என்னவோ போல் இருந்தது. "நீங்க நிறுத்திப்போடுவீங்கன்னு நாங்க சொல்ல வரலீங்க," என்றான் மாரப்பன். "அது ஆகற காரியமில்லைன்னு எங்களுக்கும் தெரியுமுங்க. பேசக்கூட வேண்டாம். எந்திரிச்சு நின்னு இல்லைன்னு ஒரு வார்த்தை. நம்ம ஆளு நமக்கோசரம் நின்னாருன்னு இருக்கோணுமுங்க. நீங்க எந்திரிச்சு நின்னாலே போதும், மத்ததை நாங்க கோர்ட்டு கச்சேரின்னு பாத்துக்கறோம்." சொல்றேன் மாரப்பா, சொல்லாம, என்றார் இவர். பாவாத்தாள் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள், டம்ளர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள், அவர்கள் போன பிறகு கேட்டாள்: "நெசமாலுமே சொல்லுவீங்களா?" என்னத்தைச் சொன்னேன், சொல்லாம பின்னே என்றேனா, இல்லை சும்மா தலையை ஆட்டினேனா. அது நினைவுக்கு வரவில்லை. அவள் கேட்ட விதம்தான் நினைவில் இருந்தது. திட்டுகிற குரலில் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பாளே, அப்படிக் கேட்டாள். டிவியில் நேரடியாகக் காட்டுவார்களாம், மாரப்பன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பார்களாம். பார்க்கட்டும். நேற்றுக் கொறடா அறைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு, "மேலிடத்து முடிவுங்க, நீங்க பெரியவரு, உங்களுக்குத் தெரியாததா," என்று டீ வாங்கிக்கொடுத்தார். அந்த டீயையும் இவர் குடித்துவிட்டுத்தான் வந்தார். அதுதான் இப்போது உறுத்தியது, உறுத்தியது என்றுகூடச் சொல்ல முடியாது, உறுத்த வேண்டும் என்று நினைத்தார். கோபம் வர வேண்டும். கோபம் வந்தால் எழுந்து நிற்பது சுலபம். காலையிலிருந்து உள்ளே தேடிப் பார்க்கிறார், கட்டிலுக்கு அடியில் செருப்பைத் துழாவுவது மாதிரி, ஒன்றும் அகப்படவில்லை.

சரி, அந்த நாளை நினைத்துப் பார்த்தால் வரும் என்று நினைத்தார். பாகம் பிரித்தபோது அண்ணன்மார் இருவரும் வாய்க்கால் பாயும் பூமியை எடுத்துக்கொண்டு இவருக்கு மொட்டைக்கரட்டைக் கொடுத்தார்கள். கல்லும் வேலிக்காத்தானும். ஆடுகூட அந்தப் பக்கம் போனால் திரும்பி வந்துவிடும். பெரியண்ணன் சிரித்துக்கொண்டே, "தம்பிக்குக் காத்தோட்டமா இருக்கும்," என்றான். அந்தச் சிரிப்புக்கு அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்பா, அதை வைத்தே அவர் கிணறு வெட்டிவிட்டார் என்று சொல்லலாம். கல்யாணமாகிக் கைமஞ்சள்கூடப் போகாத பாவாத்தாள் தலையில் சும்மாடு கட்டிக் கல் சுமந்தாள். சுமந்த கல்லையெல்லாம் வேலியோரம் அடுக்கினார்கள், அது பாட்டுக்குச் சுவராக வளர்ந்தது. காட்டுக்கு நட்டநடுவில் ஒரு பாறை. யானை படுத்த மாதிரி. அதை உடைக்க வேலிக்காத்தான் விறகை மேலே போட்டு ராத்திரி முழுக்க எரித்து, விடியக்காலம் பச்சைத்தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள், சூடு பட்ட பாறை அப்படித்தான் விரிசல் விடும் என்று கல்லுடைக்கிறவன் சொல்லியிருந்தான். புகைந்தது, சீறியது, கறுத்தது, ஒரு மயிரிழை விரிசல் விடவில்லை. பாவாத்தாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "அது நம்மளுக்கு முன்னாடியே வந்த குடியானவனுங்க, இருந்துட்டுப் போகுது உடுங்க," என்றாள். பிறகு அதன்மேல் மிளகாய் காய வைத்தார்கள், புள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து படித்தார்கள். முன்வடிவோடு இணைத்திருந்த வரைபடத்தில் அந்த இடத்தில் நுழைவாயில் என்று போட்டிருக்கிறது. நுழைவாயில். பாறையை என்ன செய்வார்கள்? வெடி வைப்பார்கள். அது ஒரு நிமிஷத்து வேலை இப்போது. இந்த இடத்திலாவது நெஞ்சு சுடும் என்று காத்திருந்தார். சுடவில்லை. வேறு யாரோ ஒருத்தர் வீட்டுக் கதையைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிக்கேட்ட மாதிரி இருந்தது, அட பாவமே, அப்புறம். ஊறப்போட்ட பருத்திக்கொட்டை மாதிரி நான் எப்போது இப்படி உப்பிப்போனேன் என்று நினைத்தார். முதல் தடவை ஜெயித்த ராத்திரியா, அல்லது அதற்கும் அப்புறமா, நாள் வைத்தா நடக்கிறது இதெல்லாம். குளிர்சாதனக் காற்று பிடரியில் அடித்தது.

"என்னண்ணே, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்றார் பக்கத்து இருக்கை இளவழகன். தஞ்சாவூர்ப் பக்கத்து உறுப்பினர், நல்ல மனிதர், அவை நடக்கும்போது பாதி நேரம் கண்ணை மூடி இருப்பார், மேசை தட்டுகிற சத்தம் கேட்டால் கண்ணைத் திறக்காமலே தட்டுவார். "சர்க்கரை இறங்கிடுச்சா? இந்தாங்க, வாயில போட்டுக்குங்க." ஒரு பெப்பர்மிண்ட்டைக் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர் பெப்பர்மிண்ட்டைப் போட்டுக்கொண்டார். பாருங்கள், ஒரு பெப்பர்மிண்ட்டுக்கு வேண்டாம் சொல்லத் தெரியாதவன் சட்டமுன்வடிவுக்கு இல்லை சொல்லப் போகிறேன் என்று அவருக்கே தோன்றியது. இப்போது இது வேறு. வாக்கெடுப்பு நேரத்தில் வாயில் பெப்பர்மிண்ட் இருந்தால் இல்லை என்பது கொழகொழவென்று வரும். கடித்து முழுங்கிவிடலாமா? கடித்தால் சத்தம் கேட்கும், மைக் எங்கே இருக்கிறது, எரிகிறதா. கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளலாம். வெற்றிலை போடுகிறவர்கள் ஒதுக்கிக்கொண்டு பேசவில்லையா, அவருக்கு அந்தப் பழக்கமும் இல்லை. இல்லை. மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னதில் அது அர்த்தம் கழன்று வெறும் சத்தமாக ஆகிவிட்டது. அமைச்சர் வேலைவாய்ப்புகளைப் பற்றிச் சொன்னார், மேசைகள் அதிர்ந்தன. நாட்ராயனின் மேசையும் அதிர்ந்தது. குனிந்து பார்த்தால் தட்டிக்கொண்டிருந்தது அவருடைய கைதான், அந்த மரத்துப்போன வலது கை. அதை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

இந்தக் கைக்கு எத்தனை விதமாகப் பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதலில் கடப்பாறை, அப்புறம் மம்புட்டிக் காம்பு, அப்புறம் கும்பிடு. தேர்தலில் நிற்கச் சொன்னபோது கும்பிடத்தான் அவருக்கு வரவில்லை. பேச்சுக்கூட வந்துவிட்டது, கரட்டில் தண்ணீர் கண்டவன் என்று பெயர் இருந்தது, ஜனங்கள் தாங்களாகவே வந்து கேட்டார்கள். ஆனால் சாமிக்குத் தவிர வேறெங்கும் கூப்பிய கை இல்லை அது, ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் வாங்க என்று வாயால் சொல்வதோடு சரி. மாநாட்டு மேடையில் இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு ஒன்றியச் செயலாளர் தனியாகக் கூப்பிட்டு, "இப்படி வெறைச்சுக்கிட்டு நின்னா ஒருத்தன் ஓட்டுப் போடமாட்டானுங்க. ஆளு கண்ணுல பட்டதும் கை தன்னால எந்திரிக்கோணும். யோசிக்கவே கூடாது. பழகிக்குங்க," என்றார். எங்கே போய்ப் பழகுவது? அவர் தன் தென்னங்கன்றுகளிடம் போனார். வைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, ஆள் உயரம் வந்திருந்தன, வரிசை வரிசையாக வாக்காளர் மாதிரியே நின்றன. பொழுது விழுகிற நேரத்தில் பாத்தி வழியே நடந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கும்பிடு. முதல் வரிசையில் கை கூச்சப்பட்டது. கடைசி வரிசைக்கு வரும்போது கை பாட்டுக்குப் போனது வந்தது. மடை மாற்றிக்கொண்டிருந்த பாவாத்தாள் பார்த்துவிட்டாள். மம்புட்டியை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஏனுங்க, தென்னமரமெல்லாம் ஓட்டுப் போடுமுங்களா?" இவர் அவளையும் ஒரு கும்பிடு கும்பிட்டார். அதற்கும் சிரித்தாள், அப்புறம் அவளும் மம்புட்டியைக் கீழே போட்டுவிட்டுத் திருப்பிக் கும்பிட்டாள். அதற்கப்புறம் எத்தனை கல்யாணம், எத்தனை எழவு, எத்தனை திறப்புவிழா, யாரைப் பார்த்தாலும் கை எழுந்துவிடும், ஒருதரம் கடைக் கண்ணாடியில் தன்னையே கும்பிட்டுவிட்டுப் பின்னால் நிற்பவன் பார்த்தானா என்று திரும்பிப் பார்த்தார். பாவாத்தாள் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று யோசித்தார். யோசனை அங்கேயே நின்றது, மேலே போகவில்லை.

"...கல்லும் முள்ளும் மண்டிக்கிடந்த தரிசு," என்று அமைச்சர் சொல்வது காதில் விழுந்தது. தரிசா? தென்னை காய்க்கிறது, மஞ்சள் விளைகிறது, தரிசா? "அந்தத் தரிசில் முதல் மண்வெட்டி போட்டவர், இந்த அவையின் மூத்த உறுப்பினர், அண்ணன் நாட்ராயன் அவர்கள். மாநில வளர்ச்சிக்காகத் தம் சொந்த நிலத்தையே மனமுவந்து வழங்க முன்வந்திருக்கும் அவரை இந்த நேரத்தில் நன்றியோடு..." மனமுவந்தா? யார் சொன்னது? யாரிடம் சொன்னேன்? அந்த டீயைக் குடித்ததா? இதோ, இதோ, வந்துவிட்டது, அடிவயிற்றிலிருந்து சூடாக ஒன்று கிளம்பியது, பெரியண்ணனின் சிரிப்புக்கு வந்த அதே சூடு, போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தாரே, இருக்கிறது, இன்னும் இருக்கிறது. வாக்கெடுப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நின்றுவிட்டார். மாரப்பா, பார்த்துக்கொள், நிற்கிறேன். வாயைத் திறந்தார். அவர் எழுந்ததைப் பார்த்ததும் அவை முழுக்க மேசைகள் அதிர்ந்தன. வழக்கம் அப்படி, பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் புகழப்பட்டவர் எழுந்து அமைச்சருக்கும் தலைவருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு உட்கார வேண்டும், அதற்குத்தான் எழுந்திருக்கிறார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இளவழகன்கூடக் கண்ணைத் திறந்துவிட்டுத் தட்டினார். அந்தச் சத்தத்தில் பெப்பர்மிண்ட் எங்கோ தொண்டையில் சிக்கியது, இருமல் வந்தது, அமைச்சர் அவரைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாகக் கும்பிட்டார். ஏன் இவர் என்னைக் கும்பிடுகிறார் என்று நாட்ராயன் நினைத்தார். பிறகு தன் நெஞ்சுக்கு நேரே பார்த்தார். இரண்டு கையும் கூப்பியிருந்தன. எப்போது எழுந்தன என்று தெரியவில்லை, உள்ளங்கை உள்ளங்கையைத் தொட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவர் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. அமைச்சர் முடித்தார். பேரவைத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முன்வடிவை ஏற்போர் ஆம் என்க என்றார், ஆம் என்று ஒரு பெரிய சத்தம் எழுந்தது, சந்தையில் சுமை இறக்குகிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து போடும் சத்தம் மாதிரி. மறுப்போர் இல்லை என்க என்றார். அங்கே ஒரு இடைவெளி இருந்தது. தலைவர் அதை அவசரமாகக் கடந்துவிடவில்லை, அதைச் சொல்ல வேண்டும், தாளைப் புரட்டிக்கொண்டு கொஞ்சம் தாமதிக்கத்தான் செய்தார். ஒருத்தர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொல்லுகிற அளவுக்கு அதில் இடம் இருந்தது. நாட்ராயன் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போதுதானே எழுந்து கும்பிட்டோம், மறுபடி எழுந்து இல்லை என்றால் பைத்தியக்காரன் என்பார்களே என்று நினைத்தார். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்றும் நினைத்தார். அந்தச் சூடு எங்கே போயிற்று என்று பார்த்தார். பாறைமேல் ஊற்றிய தண்ணீர் மாதிரி ஒரு சீறு சீறிவிட்டு அடங்கியிருந்தது. கை இன்னும் கூப்பியபடியே மடியில் இருந்தது, அதை இன்னும் பிரிக்கவில்லை. ஏற்போரே அதிகம், முன்வடிவு நிறைவேறியது, என்றார் தலைவர். "பெரிய மனசுண்ணே உங்களுக்கு," என்று இளவழகன் அவர் காதருகே சொன்னார், உண்மையிலேயே நெகிழ்ந்துபோய்த்தான் சொன்னார், சொல்லிவிட்டு இன்னொரு பெப்பர்மிண்ட்டை எடுத்து நீட்டினார். நாட்ராயன் அதையும் வாங்கிக்கொண்டார்.

வெளியே நடைக்கூடத்தில் உதவியாளர் கைபேசியோடு நின்றிருந்தார். வீட்டிலிருந்து அம்மா இரண்டு தடவை கூப்பிட்டார்கள் என்றார். சொல்லும்போதே மறுபடி அடித்தது. இடது கையால் வாங்கிக் காதில் வைத்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள், வாழ்த்துகள் அண்ணே என்றார்கள், அவர் ஒரு கையால் பதில் வணக்கம் வைத்துக்கொண்டே சுவரோரம் ஒதுங்கினார். என்ன சொல்வாள்? அழுவாளா, அழ மாட்டாள், கல் சுமந்தபோதே அழாதவள். மாரப்பன் வீட்டில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். எழுந்ததைப் பார்த்ததும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், அதை நினைக்காமல் இருந்தால் நல்லது. டிவியில் அமைச்சர் சொன்னது கேட்டிருக்குமே, மனமுவந்து. "பாவாத்தா," என்றார். அந்தப் பக்கம் தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது. அவள் தோட்டத்தில் இருந்தாள்.

"பாத்தேனுங்க," என்றாள் அவள். "எல்லாருமு பாத்தோம். நீங்க எந்திரிச்சதும் மாரப்பண்ணன் கையத் தட்டிப்போட்டாருங்க. அப்பறம் டிவிய நிறுத்திப்போட்டு அவங்கவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க." இவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், கை மரத்துப்போச்சு புள்ள என்று சொல்ல வந்திருப்பாராக இருக்கும், அது தனக்கே அசிங்கமாக இருந்ததால் முழுங்கிக்கொண்டார். "தென்னைக்குத் தண்ணி கட்டியிருந்தேன், பாதி வரிசை பாஞ்சிருக்குது," என்றாள் பாவாத்தாள். குரலில் திட்டு இல்லை. மழை வருமா என்று கேட்கிற அதே குரல். "மீதி வரிசைக்குப் பாய்ச்சட்டுமா, இல்ல மோட்டார நிறுத்திப்போடட்டுமான்னு கேக்கத்தானுங்க கூப்பிட்டேன்." முன்வடிவு நிறைவேறியது தென்னைக்குத் தெரியாது, அதற்குத் தாகம்தான் தெரியும், பாதி வரிசை நனைந்தும் பாதி வரிசை காய்ந்தும் நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் அவர் ஒருகாலத்தில் ஒவ்வொன்றாகக் கும்பிடு போட்டிருக்கிறார். பாயட்டும் என்று சொல்லலாம். நிறுத்து என்றும் சொல்லலாம். இரண்டில் ஒன்று. "ஏனுங்க, கேக்குதுங்களா?" என்றாள். "கேக்குது," என்றார். அவள் காத்திருந்தாள், மம்புட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். உள்ளே அடுத்த முன்வடிவுக்கு மணி அடித்தது. கதவருகே நின்ற கொறடா அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நாட்ராயனின் கை எழுந்தது.